விரல் எடுத்த பிறகும்

ஃப்ராவ் தீலே இரண்டாவது முறையும் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வரி வாசித்தார். பிறகு வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, "இது கம்ப்யூட்டர்" என்றார். குரலில் ஜெயித்த பெருமை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் எடை பார்த்துச் சொல்லும் நர்ஸைப் போலச் சொன்னார்.

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து யாஷா தலையை நீட்டினான். "ஆமா, கம்ப்யூட்டர்தான்."

ஹென்ரிகே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முற்றத்தில் யாரோ சைக்கிளைக் குப்பைத்தொட்டியோடு சேர்த்துப் பூட்டும் சத்தம் கேட்டது.

பெர்லினின் வெட்டிங் பகுதியில், இரண்டாவது முற்றத்தின் தரைத்தளத்தில் இருந்தது அந்தக் கம்பெனி. டீட்மார் ஆரம்பித்தது. பழைய சிந்தசைசர்களின், அதாவது மின்சார இசைப்பெட்டிகளின், ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது அவர்கள் தொழில். இப்போது எடுத்திருந்தது வால்நட் மரப் பக்கங்கள் வைத்த, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பாடும் பெட்டி. அதன் உயிரே அதன் இழைவில்தான் இருந்தது. ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குப் போகும்போது சுரம் தாவாமல், அறுபடாமல் இழைந்து போகும். எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதை இடப்பக்கம் இருக்கும் ஒரு குமிழைத் திருகி வைத்துக்கொள்ளலாம். அந்த இழைவை எழுதித் தருவதற்காகத்தான் ஹென்ரிகேயை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

டீட்மாரிடம் ஒரு பழக்கம் உண்டு. மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கிவந்த வெல்வெட் திரையை அறைக்கு நடுவில் தொங்கவிட்டிருந்தார். திரைக்கு முன்னால் வெறும் கட்டைகளும் ஒரு குமிழும் மட்டும். அவற்றின் வயர்கள் பின்னால் போய் அசல் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் பிரியும். யாஷா பின்னால் உட்கார்ந்து ஏதாவது ஒன்றை இணைத்துவிடுவான். வாசிப்பவர் எது எதுவென்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் திணறினால்தான் அந்தச் சரக்கு கடைக்குப் போகும். வாசிப்பவர் பெரும்பாலும் ஃப்ராவ் தீலேதான், அதாவது திருமதி தீலே. பால்டிக் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல்களின் நடனக் குழுவில் இதே பெட்டியை வாசித்தே ஓய்வுபெற்றவர் அவர்.

"எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க, ஃப்ராவ் தீலே?" ஹென்ரிகே கேட்டாள்.

"என்னைக் கேட்டா?" அவர் கொண்டுவந்திருந்த நாற்காலி மெத்தையை உதறி மடித்தார். "தப்பா எதுவும் இல்லீங்க. போன தடவை கோடு போட்ட மாதிரி ஏறிச்சு. இந்தத் தடவை அது இல்லை, அழகாத்தான் வளையுது. ஆனா கூட வர மாட்டேங்குது."

"கூட வர மாட்டேங்குதுன்னா?"

"உங்களுக்கு நாய் இருக்கா?"

"இல்லை."

"அப்போ எப்படிச் சொல்றது!" என்று எழுந்துவிட்டார்.

அவரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பிய டீட்மார், காப்பி மிஷின் பக்கத்தில் நின்று முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அடுத்த வியாழக்கிழமை கடைசி. அன்னைக்கும் கண்டுபிடிச்சாங்கன்னா, இழைவு இல்லாமலேயே வெளியிடறோம்."

"இந்தப் பெட்டியை இழைவு இல்லாமலா?"

"திட்டுவாங்க. திட்டட்டும். அரைகுறையா ஒண்ணு வெச்சுத் திட்டு வாங்கறதுக்கு இது மேல்."

அவள் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அக்டோபரோடு அவளுடைய சோதனைக் காலம் முடிகிறது. அதுவரை எந்தக் காரணமும் காட்டாமல் போகச் சொல்லலாம். நாற்பத்தாறு வயதில், ஹனோவரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு மென்பொருளை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். அங்கே கடைசி நாளன்று அவளுடைய மேலதிகாரி பெருந்தன்மையாகக் கைகொடுத்து, "பெர்லின் எல்லாருக்கும் ஒத்துக்காது, கதவு திறந்தே இருக்கும்" என்றிருந்தார். அந்தத் திறந்த கதவைத்தான் அவள் தினமும் ரயிலில் வரும்போது நினைத்துக்கொள்வாள். அந்தக் கதவுக்குள் திரும்பப் போவதில்லை என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவுசெய்வாள்.

"கேக்குக்குச் சொல்லியாச்சா?" என்றான் யாஷா.

புதிதாகச் சேர்ந்தவர் சோதனைக் காலம் தாண்டியதும் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். யாஷா இதை வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

"நீ ஸ்விட்சைப் பாரு" என்றாள்.

*

ஹென்ரிகேவுக்கு மௌனம் பிடிக்கும். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி ஒரு சொல் பேசாமல் காலை முழுக்க உட்கார்ந்திருப்பாள். யாஷா எதிர் மேஜையிலிருந்து அவ்வப்போது குரல் கொடுப்பான். "ஹென்ரிகே, உயிரோட இருக்கியா? ஒரு தடவை மூச்சு விட்டுக் காட்டு."

அவள் முன்னால் இரண்டு கோடுகள் இருந்தன. அசல் பெட்டியின் இழைவு சிவப்பில், அவளுடையது நீலத்தில். பெட்டிக்குள் இழைவைச் செய்வது, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சின்னக் கண்டென்சர். கட்டையை அழுத்தியதும் அது அந்தச் சுரத்துக்கு உரிய மின்னழுத்தத்தை நோக்கி நிரம்பத் தொடங்கும். முதலில் வேகமாக, பிறகு இலக்கு நெருங்க நெருங்கத் தயங்கி. அந்தத் தயக்கத்தை அவள் முழுதாகப் பிடித்துவிட்டிருந்தாள். நீலம் சிவப்பின் மேல் அப்படியே படிந்திருந்தது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரியவில்லை.

அளவில் குறை இல்லை. காதில் குறை இருந்தது. அப்படியென்றால் அளந்ததுதான் வேறு எதையோ.

இந்த இடத்துக்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. திங்களும் செவ்வாயும் அப்படியே போயின. சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பும்போது அவளும் கிளம்பினாள். வீட்டில் உருளைக்கிழங்கு சூப்பைச் சுடவைத்து, ஜன்னல் ஓரமாக நின்றபடியே குடித்தாள். கூட வர மாட்டேங்குது. அந்தக் கிழவி நாயைக் கேட்டது எதற்காக? கூட வராத நாய் என்ன செய்யும்? பின்தங்கும். முன்னால் ஓடிவிடும். அல்லது, நீ நின்ற இடத்தில் அதுவும் உட்கார்ந்துவிட்டு, நீ மறுபடி நடந்த பிறகும் எழாமல் இருக்கும்.

மூன்றாவதை நினைத்தாள். ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

*

புதன்கிழமை முற்பகல் கோடுகளை மூடிவிட்டு அசல் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சோதனைக்கெல்லாம் கம்ப்யூட்டரே ஒரு கட்டையை அழுத்தி, அதை விடாமல் அடுத்ததை அழுத்தும்படி எழுதி வைத்திருந்தாள். இன்று ஒற்றை விரலால் குத்தினாள். கீழே ஒரு கட்டை. மேலே வெகுதூரத்தில் ஒரு கட்டை. மேலே உள்ளதைத் தொட்ட உடனே வாசல் மணி அலறியது. விரலை எடுத்துவிட்டு எழுந்தாள்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு உள்ள தலையெழுத்து அது. நான்கு மாடிக்கும் வரும் பார்சல்கள் அவர்களிடம்தான் வந்து விழும்.

"எவ்வளவு நேரம் அடிக்கறது!" என்றார் பார்சல்காரர். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வாசல்ல என்னமோ ஒலி, ஓசைன்னு போர்டு மாட்டியிருக்கீங்க. உள்ள ஒருத்தருக்கும் காது கேக்காது."

"யாருக்கு?"

"மூணாவது மாடி ஷ்மால்ஃபுஸ். மறுபடியும் பூனை மண்ணு. தூக்கிப் பாருங்க, பூனையையே அனுப்பியிருக்கான் போல. பேரு?"

அவர் நீட்டிய கருவியில் வாங்கிக்கொள்பவர் பெயரைக் குத்த வேண்டும். ஹென்ரிகே எப்போதும் போல, "கம்பெனி பேரையே போட்டுக்குங்க" என்றாள்.

"நீங்க இங்க வேலை பாக்கறவங்கதானே?"

"இப்போதைக்கு."

"இப்போதைக்குத்தான் நானும்" என்று சொல்லிவிட்டு அவர் மழைக்குள் போனார்.

வீட்டுப் பூனை மலம் கழிக்க வைக்கும் அந்த மண் மூட்டையை மற்ற பார்சல்களோடு சுவரோரம் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குத் திரும்பினாள். எங்கே விட்டோம் என்று நினைவில்லை. மேலே இருந்த அதே கட்டையை அழுத்தினாள்.

சுரம் நேராக மேலேயே பிறந்தது. கீழேயிருந்து இழைந்து வரவில்லை.

குமிழ் சுழன்றுவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, மெதுவான பக்கமே இருந்தது. கீழ்க்கட்டையை நன்றாக அழுத்தி, மேல்கட்டையைத் தொட்டு உடனே விட்டாள். சுரம் கிளம்பியதுமே அறுந்துபோனது. உடனே மறுபடி மேல்கட்டையை அழுத்தினாள். பாதிவழியிலிருந்து ஏறியது. மறுபடி செய்தாள். இந்த முறை கொஞ்சம் பொறுத்து அழுத்தினாள். மேலே, இன்னும் சிறிதே தூரம் இருக்கும் இடத்திலிருந்து ஏறியது. நிறையப் பொறுத்து அழுத்தினாள். ஏற ஒன்றுமே பாக்கி இல்லை, வந்து சேர்ந்திருந்தது.

கையைக் கட்டையிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

அவள் பார்சலைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, பார்சல்காரர் அலுத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பெட்டி ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. விரல் எடுத்ததும் ஒலி நின்றுவிடும், கண்டென்சர் நிற்காது. கடைசியாகத் தொட்ட கட்டையை நினைவில் வைத்துக்கொண்டு அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

வயரை மாற்றி, தன்னுடைய கம்ப்யூட்டர் இழைவில் அதையே செய்தாள். கீழே. மேலே தொட்டு விட்டாள். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள், மழையைப் பார்த்தாள், ஜன்னலை மூடினாள். திரும்பிவந்து அழுத்தினாள். அறுந்த அதே இடத்திலிருந்து, நேரமே போகாததுபோல, அது ஏறத் தொடங்கியது.

நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்ட நாய்.

"யாஷா" என்றாள்.

"உயிரோடதான் இருக்கே!"

"இங்க வா."

அவன் வந்து கேட்டான். இரண்டு தடவை கேட்டான். தலையைச் சொறிந்தான். "ஏன் இப்படி?"

ஹென்ரிகே காப்பி மிஷினுக்கு மேலே சுவரைக் காட்டினாள். டீட்மார் தன் கையாலேயே பெயிண்டில் எழுதிய வரி அங்கே இருந்தது. *சத்தம் இல்லையென்றால் கணக்கும் இல்லை.* அதுதான் அந்தக் கம்பெனியின் சட்டம். சுரம் ஓய்ந்ததும் நிரல் முழுதாக உறங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒரு துளி வேலை வைக்கக் கூடாது. அவளும் முதல் நாளிலிருந்தே அந்தச் சட்டப்படிதான் எழுதியிருந்தாள். அதனால் ஒலியோடு சேர்ந்து இழைவும் உறங்கிப் போனது. அவளுடைய சோதனையில் விரலே கிடையாது, விரல் எடுக்கும் இடமும் கிடையாது. அதனால் அவளுக்கு அது கேட்கவே இல்லை. ஃப்ராவ் தீலே மனுஷி. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் மூச்சு விடுவார்.

*

"முடியாது" என்றார் டீட்மார்.

மூவரும் அவர் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். கண்காட்சியில் செய்வதுபோல் அவர் தங்கள் பழைய கம்ப்யூட்டர் சிந்தசைசர் ஒன்றின் பிரதிகளைத் திரையில் வரிசையாகத் திறந்துகொண்டே போனார். இருபது, ஐம்பது, நூறு. கம்ப்யூட்டரின் சுமையைக் காட்டும் எண் பூஜ்யத்திலேயே நின்றது.

"பாரு. நூறு திறந்து வெச்சாலும் பூஜ்யம். இதைப் பாத்துத்தான் வாங்கறாங்க. ஏழைப் பையன் ஒருத்தன் பழைய லேப்டாப்ல நம்ம சரக்கை வெச்சுப் பாட்டுப் போடறான்னா, இந்தப் பூஜ்யத்தாலதான். இன்னைக்கு உன் இழைவு மட்டும் முழிச்சிருக்கணும்பே. நாளைக்கு எதிரொலி எழுதறவன் வருவான், அவனும் முழிச்சிருக்கணும்பான்."

"ஒரே ஒரு எண்தான் டீட்மார். ஒரு எண் நகர்ந்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்."

"அது பூஜ்யம் இல்லையே."

அது பூஜ்யம் இல்லைதான்.

டீட்மார் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவர் மோசமான நிரலாளர் இல்லை. "எதுக்கு ஓடணும்? தூங்கப் போறப்போ மணி பாத்து வெச்சுக்கோ. அடுத்த கட்டை அழுத்தறப்போ மறுபடி மணி பாரு. எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரிஞ்சா, எங்க வந்திருக்கும்னு ஒரே கணக்குல போட்டுடலாம். சட்டமும் இருக்கும், உன் இழைவும் இருக்கும்."

யாஷா விசில் அடித்தான். ஹென்ரிகேயும் அதை நல்ல யோசனை என்றே நினைத்தாள். மதியத்துக்குள் எழுதி முடித்தாள். கீழே, மேலே தொட்டு, காத்திருந்து, அழுத்தினாள். சரியான இடத்திலிருந்து ஏறியது. யாஷா மேஜையில் தாளம் போட்டான். "எனக்கு சாக்லேட் கேக். முன்னாடியே சொல்லிட்டேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. பெட்டியின் இடப்பக்கக் குமிழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃப்ராவ் தீலேயின் இரண்டு வருகைகளையும் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வலது கை மடியில் இருந்தது. இடது கை? ஒரு தடவைகூட மடியில் இல்லை. அது குமிழின் மேலேயே இருந்தது.

மறுபடியும் செய்தாள். கீழே. மேலே தொட்டு விட்டாள். இப்போது மௌனத்தின் நடுவில் குமிழை வேகமான பக்கம் திருகினாள். கொஞ்சம் பொறுத்து அழுத்தினாள். அசல் பெட்டி, குமிழைத் திருகிய அந்த நொடியிலிருந்து விறுவிறுவென்று ஓடி வந்து சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டரோ முழு நேரத்துக்கும் பழைய மெதுவான கணக்கையே போட்டு, வேறெங்கோ நின்றது.

டீட்மாரிடம் போனாள்.

"சத்தமே இல்லாதப்போ யாரும் குமிழைத் திருப்ப மாட்டாங்க" என்றார் அவர்.

"அந்தம்மா திருப்புவாங்க."

"பாத்தியா?"

"பாக்கலை. கையை எங்க வெச்சிருந்தாங்கன்னு பாத்தேன்."

"சரி, குமிழ் திரும்பறப்போ ஒரு தடவை எழுப்பிவிடு. அங்க ஒரு மணி பாரு."

"அதுக்கு ஒரு மணி. சுருதியை வளைக்கற சக்கரத்தைத் தொட்டா ஒரு மணி. வேற எதையோ தொட்டா இன்னொண்ணு. கிழிஞ்ச இடமெல்லாம் ஒட்டுப் போட்டுக்கிட்டே இருக்கணும். ஒட்டுப் போடாத இடத்தைத்தான் அவங்க விரல் தேடிப் போகும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு சேர்ந்தாற்போல் அவள் அங்கே பேசியதில்லை. "கண்டென்சர் மணி பாக்கறதில்லை டீட்மார். அது போய்க்கிட்டே இருக்கு."

டீட்மார் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போடும் பார்வை.

"நாளைக்கு எதைத் திரைக்குப் பின்னால வைக்கறேங்கறது உன் இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் சொன்ன மாதிரி செஞ்சு தோத்தா, வேற ஏதாவது வேலை குடுத்து வெச்சுக்க முடியுமான்னு பாப்பேன். சட்டத்தை மீறித் தோத்தா, அந்தப் பேச்சே கிடையாது."

"சரி" என்றாள் ஹென்ரிகே.

மேஜைக்குத் திரும்பியபோது யாஷா தாழ்ந்த குரலில் சொன்னான். "முட்டாளா நீ? அவர் சொன்னதையே வையேன். ரெண்டு வாட்டில ஒரு வாட்டிதான் அந்தக் கிழவி குமிழைத் தொடும்."

"நான் எழுதினது, அவங்க தொடாத வரைக்கும்தான் சரின்னு இருக்கக் கூடாது."

"வேலை போனா?"

அவள் மணி பார்க்கும் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வேலை போனால் என்னவாகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹனோவரில் அந்தக் கதவு திறந்திருக்கும். அங்கேயும் அவள் எழுதியதெல்லாம் கோட்டின் மேல் கோடாகப் படிந்துதான் இருந்தது. யாரும் விரல் வைக்காத வரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒருவர் விரல் வைத்திருக்கிறார்.

ஒலி ஓய்ந்த பிறகும் விழித்திருக்கும்படி அந்த ஒற்றை எண்ணை எழுதினாள். அதற்குச் சில வரிகளே தேவைப்பட்டன.

*

வியாழக்கிழமை ஃப்ராவ் தீலே மழையோடு வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்து, மெத்தையை நாற்காலியில் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மறுபடியும் அதேதானா?"

"அதேதான்" என்றார் டீட்மார்.

"என் வீட்டுக்காரருக்கு நான் இங்க வர்றது சந்தேகமா இருக்கு. திரைக்குப் பின்னால யாரோ இளைஞன் இருக்கான்னு சொல்லிட்டேன்."

"இருக்கேன், ஃப்ராவ் தீலே!" என்று திரை பேசியது.

"நீ சும்மா இரு தம்பி. சுவிட்சை மட்டும் போடு."

வாசிக்கத் தொடங்கினார். கப்பலில் கடைசி நடனத்துக்கு வாசிப்பதுபோன்ற மெல்லிய ஒரு மெட்டு. இழைந்து ஏறி, மேலே நின்று, தளர்ந்து இறங்கியது. ஹென்ரிகே சுவரோரம் நின்றாள். இப்போது இணைந்திருப்பது எது என்று அவளுக்கும் தெரியாது. அதுதான் வழக்கம்.

ஃப்ராவ் தீலே பாதி வரியில் நிறுத்தினார். மேலே ஒரு கட்டையைத் தொட்டு விரலை எடுத்தார். வலது கை மடிக்குப் போனது.

அறை அடங்கியது.

இடது கை குமிழின் மேல் இருந்தது. மெல்ல, யோசனையோடு, ஏதோ வானொலியில் ஸ்டேஷன் தேடுவதுபோல, அது குமிழை வேகமான பக்கம் திருகியது. டீட்மார் தலையைத் திருப்பி ஹென்ரிகேயைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒரு சத்தமும் இல்லாத அந்த இடத்தையே பார்த்தாள். திரைக்குப் பின்னால் இருப்பது பெட்டியாக இருந்தால், கண்டென்சர் இப்போது விறுவிறுவென்று நிரம்புகிறது. கம்ப்யூட்டராக இருந்தால், அவள் எழுதிய ஓர் எண் இப்போது ஓடுகிறது, ஓடுகிறது, இதோ வந்து சேர்ந்துவிட்டது. யாருக்கும் கேட்காது. அவளுக்கு மட்டும் அது ஏறும் சத்தம் கேட்பதுபோல இருந்தது.

ஃப்ராவ் தீலே கீழே ஒரு கட்டையை அழுத்தினார். சுரம் மேலே நின்று, அங்கிருந்து கீழே இழைந்தது.

"மாத்து" என்றார்.

யாஷா மாற்றினான். அதே மெட்டு. அதே இடத்தில் நிறுத்தினார். இந்த முறை குமிழை இரண்டு பக்கமும் திருகினார், பாதியில் நிறுத்தினார், காத்திருந்தார், வாசித்தார். "மாத்து." மறுபடியும். "மாத்து." நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பெட்டி வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுதான்" என்றார் டீட்மார்.

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

அவர் வாயைச் சப்பிக்கொண்டார். "முதல்ல வந்தது பெட்டி. ரெண்டாவது கம்ப்யூட்டர். இல்லை, இருங்க. ஆமா, முதல்லதான் பெட்டி. அதுதான் கூட வந்துச்சு."

திரை விலகியது. யாஷாவின் முகம் சிவந்திருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "முதல்ல வந்தது கம்ப்யூட்டர்."

"பொய் சொல்றான்" என்றார் ஃப்ராவ் தீலே. எழுந்து திரைக்குப் பின்னால் போனார். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பெட்டியின் மூடியைத் தட்டினார். திரும்பி வந்து ஹென்ரிகேயின் முன்னால் நின்று, அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நாய் வாங்கிட்டீங்களா?"

"இல்லீங்க. பார்சல் வந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினார். தன் மெத்தையை எடுத்துக்கொண்டு, "அந்தத் தம்பி பொய் சொல்லலைன்னா, நான் இனிமே வர வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். அதில் வருத்தம் கொஞ்சம் இருந்தது.

டீட்மார் தன் மேஜைக்குப் போய்விட்டிருந்தார். ஹென்ரிகே வந்து பின்னால் நின்றாள். அவர் புதிய சிந்தசைசரைத் திறந்துகொண்டிருந்தார். இருபது, ஐம்பது, நூறு. எதிலும் ஒலி இல்லை. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் அந்தச் சுமை எண் பூஜ்யத்தை விட்டு, தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில் ஒன்று என்று காட்டியது. போனது. மறுபடி வந்தது.

டீட்மார் நாற்காலியை முன்னால் இழுத்து அதைப் பார்த்தார்.

"பூஜ்யம் போச்சு" என்றார் கடைசியில்.

"போச்சு."

"இருபது வருஷமா வெச்சிருந்தேன்."

சமாதானமாகச் சொல்ல ஏதும் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் திறந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடினார். கடைசி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். மேஜையில் இருந்த சின்னக் கட்டைப் பலகையில் கீழே ஒன்றை அழுத்தினார், மேலே ஒன்றைத் தொட்டார், விரலை எடுத்தார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு அழுத்தினார். சுரம் வந்து சேர்ந்திருந்தது.

"எனக்கு செர்ரி ஒத்துக்காது" என்றார், திரும்பாமலே.

ஹென்ரிகே விழித்தாள். "என்னது?"

"கேக்!" என்று கத்தினான் யாஷா, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து. "கேக், ஹென்ரிகே! உயிரோட இருக்கியா இல்லையா?"

வாசல் மணி அலறியது. இந்த நேரத்தில் பூனை மண்ணாகத்தான் இருக்கும்.

"ஆப்பிள் கேக்" என்று சொல்லிவிட்டு, அவள் கதவைத் திறக்கப் போனாள்.